எல்லோருக்கும் ஒரே விதிதானே? மறைமுகப் பாகுபாடு பற்றி ஓர் எளிய விளக்கம்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி இப்படி விளம்பரம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "அக்கவுண்டன்ட் தேவை. பி.காம்., டேலி தெரிந்திருக்க வேண்டும். இடைவெளி இல்லாத 3 வருட அனுபவம். சொந்த டூவீலர், லைசென்ஸ் அவசியம். சரளமாக ஆங்கிலம் பேசுபவர்கள் மட்டும்."

யாரையும் வராதே என்று இதில் சொல்லவில்லை. ஆண், பெண், ஜாதி, மதம் என்று எந்தப் பேச்சும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் யாரை வெளியே நிறுத்துகிறது என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் ஒரே வண்டியைக் கணவரோ அண்ணனோ எடுத்துப் போய்விட, டவுன் பஸ்ஸில் வேலைக்கு வரும் பெண் டூவீலர் வரியில் நின்றுவிடுகிறார். இளம்பிள்ளை வாதத்தில் கால் பாதிக்கப்பட்டவரும் அங்கேயே நிற்கிறார். பிரசவத்துக்காக ஒன்றரை வருடம் வேலையை விட்டிருந்தவர் "இடைவெளி இல்லாத" என்ற சொல்லில் போய்விடுகிறார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி, கணக்கில் புலியாக இருந்தாலும், கடைசி வரியைப் படித்துவிட்டு விண்ணப்பமே போடுவதில்லை.

வேலை என்ன? காலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பில் போட்டு, ஜி.எஸ்.டி. கணக்கு முடித்து, மாலையில் எழுந்து போவது. வண்டி எதற்கு என்று கேட்டால், "மாசத்துக்கு ரெண்டு தடவை பேங்குக்குப் போகணும் சார்" என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் வரும் பதில் ஊருக்கெல்லாம் பொதுவானது: "எல்லாருக்கும் ஒரே ரூல்தானே?"

ஒரே விதிதான். அது எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. பார்வைக்குப் பொதுவாக இருக்கும் ஒரு விதியோ வழக்கமோ தேர்வோ, ஒரு பிரிவினரை மட்டும் மற்றவர்களைவிட அதிகமாக வெளியே தள்ளினால், அந்த விதி வேலைக்கு உண்மையிலேயே தேவையும் இல்லை என்றால், அதற்குப் பெயர் மறைமுகப் பாகுபாடு. இந்த வாக்கியத்தில் இரண்டு பாதி இருக்கிறது. இரண்டும் சேர வேண்டும். ஒரு பிரிவினரைப் பாதிக்கிறது என்பதாலேயே ஒரு விதி தவறாகிவிடாது. கண்பார்வை இல்லாதவரை பஸ் ஓட்ட வைக்க முடியாது. பாதிப்பு இருக்கிறதா என்பது முதல் கேள்வி. தேவை இருக்கிறதா என்பது இரண்டாவது.

நேரடிப் பாகுபாடு அடையாளம் காண எளிது, விதியிலேயே எழுதியிருக்கும். விமானப் பணிப்பெண் முதல் முறை கருவுற்றதும் வேலை போய்விடும் என்று ஏர் இந்தியாவில் ஒரு விதி இருந்தது. 1981-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த விதியைப் படித்தாலே யாருக்கு எதிரானது என்று தெரிந்துவிடும். மறைமுகப் பாகுபாடு அப்படிப் படித்தால் தெரியாது. ஆட்களை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் நல்ல மனசுள்ள மேனேஜர்களும் ஹெச்.ஆர். ஆட்களும்கூட வருடக்கணக்கில் இதைச் செய்துகொண்டே இருக்கிறார்கள்.

ஒரு மின்நிலையம், இரண்டு தேர்வுகள்

இந்தக் கருத்து சட்டத்துக்குள் வந்த கதையைத் தெரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டிரேப்பர் என்ற ஊர். அங்கே டியூக் பவர் கம்பெனிக்கு டேன் ரிவர் என்ற அனல்மின் நிலையம். அதில் ஐந்து பிரிவுகள்: கூலி வேலை, நிலக்கரி கையாளுதல், இயக்கம், பராமரிப்பு, ஆய்வகம். கறுப்பினத் தொழிலாளர்கள் கூலி வேலைப் பிரிவில் மட்டும்தான். மொத்தம் 95 பேரில் அவர்கள் 14 பேர். அந்தப் பிரிவில் மிக அதிகச் சம்பளம் வாங்குபவர்கூட, மற்ற நான்கு பிரிவுகளில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவரைவிடக் குறைவாகத்தான் வாங்கினார்.

வேலையில் இனப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1964-இல் நிறைவேறி, 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. கம்பெனியும் இனத் தடையை எடுத்துவிட்டது. ஆனால் கூலி வேலையிலிருந்து மற்ற பிரிவுக்கு மாற வேண்டுமானால் உயர்நிலைப் பள்ளி முடித்திருக்க வேண்டும் என்றது. புதிதாக மற்ற பிரிவுகளில் சேர்பவர்கள் அதோடு இரண்டு எழுத்துத் தேர்வுகளிலும் தேற வேண்டும். இந்தத் தேர்வு விதி வந்தது எந்த நாளில்? சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஜூலை 2-இல். பள்ளி முடிக்காத பழைய ஆட்கள் தேர்வுகளில் தேறினால் மாறலாம் என்று சில மாதங்கள் கழித்து ஒரு வழியைத் திறந்தார்கள். அங்கேதான் ஒரு நுணுக்கம். தேர்ச்சி மதிப்பெண்ணாக அவர்கள் வைத்தது, நாடு முழுவதும் பள்ளி முடித்தவர்கள் வாங்கும் மதிப்பெண்ணின் நடுப்புள்ளி. பள்ளி முடித்தவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் அதில் தோற்பார்கள் என்று இதற்கு அர்த்தம். பள்ளிப் படிப்புக்கு மாற்று என்று கொடுத்தது பள்ளிப் படிப்பைவிடக் கடினமாக இருந்தது.

1960 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்த மாநிலத்தில் பள்ளி முடித்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம், கறுப்பின ஆண்கள் 12 சதவீதம். பிரித்துவைத்த, தரம் குறைந்த பள்ளிகளில் படித்தவர்களுக்கு வேறென்ன எண் வரும்? அதைவிட முக்கியமான ஒன்று: இந்த விதி வருவதற்கு முன்னால் பள்ளி முடிக்காமலேயே சேர்ந்த வெள்ளைத் தொழிலாளர்கள் அதே பிரிவுகளில் நன்றாக வேலை பார்த்துக்கொண்டும் பதவி உயர்வு வாங்கிக்கொண்டும் இருந்தார்கள். அப்படியானால் அந்தச் சான்றிதழுக்கும் கொதிகலன் பார்க்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

14 பேரில் 13 பேர் வழக்குப் போட்டார்கள். கிரிக்ஸ் வழக்கு என்று அதற்குப் பெயர். கம்பெனிக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. பள்ளி முடிக்காத ஊழியர்கள் படிக்கக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கம்பெனியே கொடுத்ததும் உண்மை. ஆனால் 1971 மார்ச் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வேறு தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம்: எண்ணம் நல்லதாக இருப்பது போதாது, விளைவைப் பார்க்க வேண்டும். விளைவு ஒரு பிரிவினரை ஒதுக்குகிறது என்றால், அந்த நிபந்தனை வேலைக்குத் தேவை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு.

நரியும் கொக்கும் விருந்து வைத்த கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். நரி தட்டையான தட்டில் வைத்தது, கொக்கால் குடிக்க முடியவில்லை. கொக்கு நீண்ட கழுத்துக் குடுவையில் வைத்தது, நரியால் குடிக்க முடியவில்லை. அந்தக் கதையைத்தான் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. பாலை எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டோம் என்பது வாய்ப்புக் கொடுத்ததாக ஆகாது, பாத்திரம் எல்லோரும் குடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது.

நாற்பத்தொன்பது விநாடி

"தரத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களா?" என்பது அடுத்து வரும் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குச் சரியான பதில் கனடாவில் நடந்த ஒரு வழக்கில் இருக்கிறது.

பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் காட்டுத்தீ அணைக்கும் படையில் மெயோரின் என்ற பெண் வேலை பார்த்தார். வேலையில் குறை எதுவும் இல்லை. பிறகு அரசு புதிய உடற்தகுதித் தேர்வு கொண்டுவந்தது. அதில் ஒரு பகுதி: 2.5 கிலோமீட்டரை 11 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். நான்கு முறை முயன்றார். அவர் எடுத்த நேரம் 11 நிமிடம் 49.4 விநாடி. வேலை போய்விட்டது.

ஆண்களில் 65 முதல் 70 சதவீதம் பேர் முதல் முயற்சியிலேயே தேறினார்கள், பெண்களில் 35 சதவீதம். மூச்சுத்திறனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உடல்கூறு சார்ந்த வேறுபாடு உண்டு. பயிற்சி எடுத்தால் பெரும்பாலான ஆண்கள் அந்த அளவை எட்டிவிடலாம், பெரும்பாலான பெண்களால் பயிற்சி எடுத்தும் முடியாது. சரி, தீயணைப்பு உயிர் சம்பந்தப்பட்ட வேலையாயிற்றே, அந்த அளவு தேவைதானே? நீதிமன்றம் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்தது. ஆய்வாளர்கள் வீரர்களின் சராசரித் திறனை அளந்து, அந்தச் சராசரியையே குறைந்தபட்சத் தகுதியாக மாற்றியிருந்தார்கள். ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்க்கவும் இல்லை. இந்த அளவு இல்லாவிட்டால் ஒருவரால் பத்திரமாகவும் திறமையாகவும் தீயணைக்க முடியாது என்று காட்ட ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை.

சராசரியைக் குறைந்தபட்சமாக ஆக்கும் இந்தத் தவறு நம் ஊர் அலுவலகங்களிலும் தினமும் நடக்கிறது. "இப்போ இருக்கிற டீமில் எல்லாருக்கும் ஐந்து வருஷ அனுபவம் இருக்கு, அதனால ஐந்து வருஷம் கட்டாயம்" என்று போடுவது இதே கணக்குதான். இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது வேறு, வேலைக்கு எவ்வளவு இருந்தால் போதும் என்பது வேறு.

1999-இல் கனடா உச்ச நீதிமன்றம் மெயோரினை மீண்டும் வேலையில் சேர்க்கவும், இழந்த சம்பளத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. அப்போது அது வகுத்த மூன்று கேள்விகளை எந்த அலுவலகமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இந்த விதியின் நோக்கம் வேலையோடு தொடர்புடையதா? அந்த நோக்கத்துக்காகத்தான் என்று மனதார நம்பிக் கொண்டுவந்த விதியா? அந்த நோக்கத்தை அடைய இந்த விதி இல்லாமல் முடியாதா, அதாவது பாதிக்கப்படுபவருக்கு இடம் கொடுத்தால் நிறுவனம் தாங்க முடியாத சிரமத்துக்கு ஆளாகுமா? பெரும்பாலான விதிகள் முதல் இரண்டையும் தாண்டிவிடும். மூன்றாவதில்தான் விழும்.

இன்னொரு பாடம், அமெரிக்காவின் அலபாமா சிறைக் காவலர் வழக்கிலிருந்து. 5 அடி 2 அங்குல உயரம், 120 பவுண்டு எடை கட்டாயம் என்ற விதி, பெண்களில் 41 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியே தள்ளியது. ஆண்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. வலிமை வேண்டும் என்பதற்காகத்தான் என்றது அரசு. அப்படியானால் வலிமையையே நேராகச் சோதித்துவிடலாமே என்றது 1977 தீர்ப்பு. இந்த ஒரு வரி போதும். அக்கவுண்டன்ட்டின் ஆங்கிலம் பற்றிக் கவலையா? "சரளமாகப் பேசுபவர்" என்று போடாமல், வெளிநாட்டு பையர் அனுப்பிய ஒரு மெயிலைக் கையில் கொடுத்து, இருபது நிமிடத்தில் பதில் எழுதச் சொல்லுங்கள். அவர் செய்யப்போகும் வேலை அதுதான்.

எண்ணிப் பார்ப்பது எப்படி

இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. ஓர் எக்ஸெல் ஷீட் போதும். ஒரு நிறுவனத்தில் ஒரு பதவிக்கு 100 ஆண்களும் 60 பெண்களும் விண்ணப்பித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 ஆண்களுக்கும் 15 பெண்களுக்கும் வேலை கிடைத்தது. ஆண்களின் தேர்வு விகிதம் 40 சதவீதம், பெண்களுடையது 25 சதவீதம். சிறியதைப் பெரியதால் வகுங்கள்: 25 ÷ 40 = 0.625. இந்த எண் 0.80-க்குக் கீழே போனால் விசாரிக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1978-இல் அரசு அமைப்புகள் வகுத்த தோராயக் கணக்கு. ஐந்தில் நான்கு பங்கு விதி என்பார்கள். இந்தியச் சட்டத்தில் இது இல்லை. இருந்தாலும் எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ள நன்றாக உதவும். மணி அடித்தால் தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை, போய்ப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

போய்ப் பார்ப்பது என்றால் படிப்படியாகப் பிரிப்பது. அதே 160 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூம் வடிகட்டலில் 85 ஆண்கள், 50 பெண்கள் மிஞ்சினார்கள்: 85 சதவீதம், 83 சதவீதம். பிரச்சினை இல்லை. எழுத்துத் தேர்வில் 68 ஆண்கள், 40 பெண்கள் தேறினார்கள்: இரு பக்கமும் சரியாக 80 சதவீதம். நேர்காணலில் 68-இல் 40 ஆண்கள், 40-இல் 15 பெண்கள்: 58.8 சதவீதம், 37.5 சதவீதம். வகுத்தால் 0.64. ஆக ஓட்டை நேர்காணலில் இருக்கிறது. இனி விண்ணப்பப் படிவத்தை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. நேர்காணல் மதிப்பெண் தாளை எடுத்துப் பாருங்கள். நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் "ஆளுமை" என்று ஒதுக்கி, அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதாமல் விட்டிருப்பார்கள். அல்லது "ராத்திரி லேட் ஆனா வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று பெண்களிடம் மட்டும் கேட்டிருப்பார்கள். (இந்தக் கேள்வி மறைமுகம்கூட இல்லை, நேரடிப் பாகுபாடு.)

எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பது, ஒவ்வொரு பதிலுக்கும் எது இருந்தால் எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது, நேர்காணல் செய்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண்ணைப் பூர்த்தி செய்துவிடுவது: இந்த மூன்றையும் செய்தாலே ஆளுக்கு ஏற்றபடி அளவுகோல் மாறுவது பெருமளவு அடைபட்டுவிடும். மூன்றாவது சின்னதாகத் தோன்றும். ஆனால் சீனியர் முதலில் "எனக்கு என்னவோ இவங்க செட் ஆக மாட்டாங்கன்னு தோணுது" என்று சொல்லிவிட்டால், மற்ற இருவரின் பேனாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

எண்ணுவதில் வழக்கமாக நடக்கும் மூன்று பிழைகள் உண்டு. முதலாவது, சின்ன எண்ணை வைத்து முடிவுக்கு வருவது. ஐந்து ஆண்களில் மூவர், மூன்று பெண்களில் ஒருவர் தேர்வானால் விகிதம் 0.56 என்று வரும். ஆனால் இன்னும் ஒரே ஒரு பெண் தேர்வாகியிருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ஆள் குறைவாக இருந்தால் இரண்டு மூன்று வருடத்து எண்களைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது, வராதவர்களை மறந்துவிடுவது. டூவீலர் வரியைப் படித்துவிட்டு விண்ணப்பம் போடாத பெண் உங்கள் ஷீட்டில் எங்கேயும் இல்லை. விண்ணப்பித்த 10 பெண்களில் 4 பேர், 100 ஆண்களில் 40 பேர் என்றால் விகிதம் சரியாக 1 வரும், பார்க்கவும் அழகாக இருக்கும். அந்த ஊரில் பி.காம். முடித்தவர்களில் எத்தனை பெண்கள் என்று பக்கத்தில் ஓர் எண்ணை வைத்துப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும்.

மூன்றாவது பிழை ஜாதியைப் பற்றியது. இதில் நிறுவனங்கள் இரண்டு கோடியில் ஒன்றில் நிற்கின்றன. ஒன்று, "நாங்க அதெல்லாம் பார்க்கறதே இல்ல" என்று கையைக் கழுவுவது. இல்லையென்றால், ஊழியரிடம் நேராக ஜாதியைக் கேட்டுப் புதிதாக ஒரு காயத்தை உண்டாக்குவது. வேலைக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் ரெஃபரல் வழியாக, அதாவது உள்ளே இருப்பவர் தன் சொந்தக்காரரையும் நண்பரையும் சொல்வது வழியாக நடந்தால், உள்ளே இருப்பவர்களின் ஊரும் உறவும் ஜாதியும் அப்படியே நகல் எடுக்கப்படும். யாரும் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை. விதி "தெரிந்தவர் சொன்னால் முன்னுரிமை" என்பது மட்டும்தான். இதை அளக்க ஜாதிப் பெயர் தேவையில்லை. பெயர் எழுதாத, விருப்பமிருந்தால் மட்டும் நிரப்பும் படிவத்தில், முதல் தலைமுறைப் பட்டதாரியா, தமிழ் வழியா, இந்த வேலை பற்றி எப்படித் தெரிந்தது என்று மூன்று கேள்வி கேட்டாலே நிறையத் தெரிந்துவிடும். ரெஃபரலை நிறுத்த வேண்டும் என்றில்லை. ரெஃபரலில் வந்தவரும் பொது விளம்பரத்தில் வந்தவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே தேர்வை எழுதட்டும். நேராக நேர்காணலுக்குப் போகும் குறுக்கு வழியை மட்டும் மூடுங்கள்.

இந்தியாவில் எங்கே நிற்கிறோம்

இந்திய உச்ச நீதிமன்றம் மறைமுகப் பாகுபாட்டை விரிவாக எடுத்துப் பேசியது 2021 மார்ச் 25 அன்று வந்த நித்திஷா வழக்குத் தீர்ப்பில். ராணுவத்தில் குறுகிய காலப் பணியில் இருந்த பெண் அதிகாரிகளையும் நிரந்தரப் பணிக்குப் பரிசீலிக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியிலேயே நீதிமன்றம் சொல்லியிருந்தது. ராணுவமும் பரிசீலித்தது. எல்லோருக்கும் ஒரே மருத்துவத் தகுதி, ஷேப்-1. மனநிலை, செவி, கை கால், பொது உடல்நிலை, கண் என ஐந்திலும் முதல் தரம்.

ஆண்களுக்கும் அதேதான். ஆனால் எப்போது? ஆண் அதிகாரிகளுக்கு அந்தப் பரிசோதனை பணியின் ஐந்தாவது அல்லது பத்தாவது வருடத்தில், இளம் வயதில் நடந்துவிடும். நிரந்தரமான பிறகு, வயது ஏறி உடல்நிலை கொஞ்சம் இறங்கினாலும் வேலை போகாது. பெண்களுக்கு அந்த வருடத்தில் நிரந்தரப் பணிக்கான கதவே மூடியிருந்தது. வழக்காடி வழக்காடிக் கதவு திறந்தபோது அவர்களில் பலருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அந்த வயதில் நின்றுகொண்டு இளைஞருக்கான தகுதியைக் காட்டு என்றார்கள். இன்னொன்றும் இருந்தது. அவர்களுடைய பழைய வருடாந்திர மதிப்பீட்டு அறிக்கைகள், இவர்களுக்கு நிரந்தரப் பணி வரவே போவதில்லை என்ற நினைப்பில் அக்கறையில்லாமல் எழுதப்பட்டவை. அவற்றையே இப்போது மதிப்பெண்ணாக எண்ணினார்கள்.

டி.ஒய். சந்திரசூட், எம்.ஆர். ஷா ஆகிய நீதிபதிகளின் அமர்வு இதைப் பாகுபாடு என்றது. அந்தப் பெண்களின் மருத்துவத் தகுதியை அவர்களுடைய ஐந்தாவது அல்லது பத்தாவது வருடத்து நிலையை வைத்துப் பார்க்கச் சொன்னது. கவனியுங்கள், ஷேப்-1 தரத்தில் ஒரு புள்ளிகூடக் குறைக்கப்படவில்லை. அளக்கும் நாள் மட்டும் ஆண்களுக்கு உள்ளது போல ஆனது. உங்கள் அலுவலகத்திலும் இதைத் தேடிப் பார்க்கலாம். மகப்பேறு விடுப்பில் ஆறு மாதம் இருந்தவருடைய அப்ரைசலில், முழு வருடத்து டார்கெட்டையும் வைத்து "எட்டவில்லை" என்று போடுகிறார்களா? சட்டம் கொடுத்த 26 வார விடுப்பை டார்கெட் விதி பின்வாசல் வழியாகப் பிடுங்கிக்கொள்கிறது. வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்றபடி இலக்கைக் குறைத்துக் கணக்கிடுவது ஒரு நிமிட வேலை.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் நம் சட்டம் இன்னும் தெளிவாகவே பேசுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அளவுக்கு மீறிய சுமையாகாத வகையில் தேவையான மாற்றங்களைச் செய்து கொடுக்க வேண்டும் என்கிறது. செய்து கொடுக்க மறுப்பதையே பாகுபாட்டில் சேர்க்கிறது. சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிடச் சொல்லும் பிரிவு தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். உங்கள் நிறுவனத்தில் அது இருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள். பலருக்குக் கேள்வியே புதிதாக இருக்கும். இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திரைவாசிப்பான் மென்பொருளையோ சாய்தளத்தையோ "சலுகை" என்று சொல்வதை நிறுத்த வேண்டும். படிக்கட்டு கட்டியபோது அதை நடப்பவர்களுக்கான சலுகை என்று யாரும் சொல்லவில்லை. சாய்தளமும் உள்ளே வருவதற்கான வழிதான்.

ஜவுளிக்கடைகளைப் பாருங்கள். விற்பனைத் தளத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது நெடுநாள் வழக்கம், ஆண் பெண் எல்லோருக்கும் ஒரே விதி. நாள் முழுக்க நின்று கால் நரம்பு சுருட்டிக்கொள்வது இருபாலருக்கும் உண்டு. ஆனால் கர்ப்பிணிக்கும், மாதவிடாய் நாளில் நிற்பவருக்கும், கால் ஊனமுள்ளவருக்கும் அந்த விதி வேறு எடையில் விழுகிறது. சேலை காட்ட ஆள் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டே இருப்பதால் எந்த வியாபாரமும் கூடுவதில்லை. கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, இருக்கை வசதி கட்டாயம் என்றாக்கின. சட்டம் வந்தும் நாற்காலியை கவுன்ட்டருக்குப் பின்னால் மடித்து வைத்துவிட்டு "உட்காரலாம்தான், ஆனா கஸ்டமர் வந்தா எப்படி இருக்கும்" என்று சொல்லும் கடைகளில் விதி இன்னும் மாறவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதாத வழக்கமும் விதிதான்.

ஒரு பெரிய பள்ளம் இருப்பதையும் சொல்லாமல் விட முடியாது. தனியார் வேலையில் ஜாதி, மதம் போன்றவற்றின் பேரில் நடக்கும் பாகுபாட்டை முழுதாகத் தடுக்கும் ஒரு பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. அரசியலமைப்பின் 14, 15, 16-ஆம் பிரிவுகளை வைத்து வழக்காடுவது அரசு வேலையில்தான் எளிது. தனியாரில் ஊனம், பாலினம், திருநர், எச்.ஐ.வி. என்று தனித்தனிச் சட்டங்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் மறைமுகப் பாகுபாட்டுக்கு என்றே தனிப்பிரிவு இருக்கிறது. அப்படி ஒன்று இங்கேயும் வந்தாக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பாதிக்கப்படுபவர் என்ன செய்யலாம்

விதியை வார்த்தைக்கு வார்த்தை எழுதி வையுங்கள். சர்க்குலர் இருந்தால் அதன் தேதியோடு, வாய்மொழி என்றால் யார் எப்போது சொன்னார் என்பதோடு. அதனால் உங்களுக்கு என்ன போயிற்று (பதவி உயர்வா, ஷிப்ட் மாற்றமா, இன்சென்டிவா) என்பதைத் தொகையோடு குறித்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல இன்னும் யார் பாதிக்கப்பட்டார்கள் என்று விசாரியுங்கள். மறைமுகப் பாகுபாட்டில் தனி ஒருவரின் கதையைவிட எண்ணிக்கைக்கு வலு அதிகம். பிறகு மேலதிகாரிக்கு மெயில் போடுங்கள். "என்னைப் பாகுபடுத்துகிறீர்கள்" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் தன் எண்ணத்தைத் தற்காத்துப் பேசத் தொடங்குவார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். "இந்த விதி எதற்காக? அந்தத் தேவையை இப்படியும் நிறைவேற்றலாமே" என்று மாற்று வழியோடு கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் ஸ்டாக் எடுக்க வேண்டுமா, சனிக்கிழமை மாலை எடுத்தால் ஆகாதா? டீம் மீட்டிங் இரவு எட்டு மணிக்குத்தானா? பதில் எழுத்தில் வரட்டும். ஊனம் சார்ந்த விஷயம் என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். சம்பள வேறுபாடு என்றால் தொழிலாளர் துறை. அரசு வேலை என்றால் தீர்ப்பாயமோ உயர் நீதிமன்றமோ.

நிறுவனத்தின் பக்கம் இருப்பவர்களுக்கு வரிசை இதுதான். விதியை எடுத்துவிட முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால், அது மறைமுகமாக அளக்கும் விஷயத்தை நேராக அளக்கும் சோதனையாக மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால், அதே தேவையை வேறு வழியில் பூர்த்தி செய்பவரையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் தேவை என்று நிற்கும் விதியை வைத்துக்கொள்ளலாம். ஏன் தேவை என்று ஒரு பக்கம் எழுதித் தேதி போட்டு வையுங்கள், வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப் படியுங்கள். "யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே" என்பதைக் காரணமாக எழுத வேண்டாம். வேலைக்கே வராதவர் யாரிடம் வந்து புகார் சொல்வார்?

பனியன் கம்பெனி விளம்பரத்தை இந்த வரிசைப்படி திருத்தினால் இப்படி வரும்: "அக்கவுண்டன்ட் தேவை. பி.காம்., டேலி. மொத்தம் 3 வருட அனுபவம், இடையில் இடைவெளி இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். மாதம் இருமுறை வங்கிக்குச் செல்ல வேண்டும், ஆட்டோ கட்டணம் கொடுக்கப்படும். ஆங்கிலத்தில் வணிக மெயில் எழுதத் தெரிய வேண்டும், எழுத்துத் தேர்வு உண்டு. அலுவலகம் தரைத்தளத்தில் உள்ளது. பஸ் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடை."